ஜெர்மனிக்குப் படிக்கச் செல்வோர் முதலில் பார்க்க வேண்டியது பெயரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியில் முதுகலை படிக்கப் போகும் தமிழ்நாட்டு மாணவர்களையும் அவர்களின் பெற்றோரையும் மனதில் வைத்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் (செமஸ்டர்) அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதனால் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பல வீடுகளில் பெட்டி வாங்குவதும் பொடி அரைப்பதும் குளிர்ச்சட்டை தேடுவதுமாக இருக்கும். அவை எல்லாம் கடைசி வாரத்தில் முடிக்கக்கூடிய வேலைகள். அக்டோபரில் வகுப்பில் உட்கார வேண்டிய பிள்ளை டிசம்பர் வரை ஊரிலேயே இருப்பதும், போய் இறங்கிய பிள்ளை கையில் பணமின்றித் தவிப்பதும் பெட்டியால் வருவதில்லை. காகிதங்களின் வரிசை தவறுவதால் வருகிறது. இங்கே ஒவ்வொரு காகிதமும் இன்னொரு காகிதத்துக்காகக் காத்திருக்கும். எது எதற்காகக் காத்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

முதல் காகிதம் பாஸ்போர்ட். தமிழர்களுக்கு மட்டும் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதுதான் இனிஷியல். தன் பெயர் செந்தில், தந்தை பெயர் ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'செந்தில் ஆர்' என்று இருக்கும், பட்டச் சான்றிதழில் 'ஆர். செந்தில்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது 'செந்தில் ராமசாமி' முழுவதும் முதல் பெயர் கட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும். நம் ஊரில் இது யாருக்கும் தடையாகத் தெரியாது. ஜெர்மன் படிவங்கள் பலவும் குடும்பப் பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே நகராது. அங்கே மாட்டிக்கொண்ட மாணவர் ஒரு படிவத்தில் கோடு போடுவார், ஒன்றில் புள்ளி வைப்பார், இன்னொன்றில் பெயரையே இரண்டு முறை எழுதுவார். விமான டிக்கெட்டில் ஒரு வடிவம், காப்பீட்டில் ஒரு வடிவம், வங்கிக் கணக்கில் ஒரு வடிவம் என்று மூன்று ஆட்கள் உருவாகிவிடுவார்கள். பணம் அனுப்பும்போது அந்த வங்கி 'பெயர் பொருந்தவில்லை' என்று நிறுத்திவைக்கும்.

ஆகவே விண்ணப்ப வேலையைத் தொடங்கும் முன்பே, அதாவது போக வேண்டிய ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் நடுவிலேயே, பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, முதல் பெயரையும் தந்தை பெயரையும் பிரித்துப் பதிவு செய்துகொள்வது நல்லது. ஆதாரிலும் பான் கார்டிலும் அதே வடிவத்தைக் கொண்டுவர வேண்டும், ஏனெனில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி பான் கார்டைத்தான் பார்க்கும். பழைய மதிப்பெண் பட்டியல்களைத் திருத்தத் தேவையில்லை. 'இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும்' என்ற ஓர் உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் ஆங்கிலத்தில் எடுத்து, கேட்கும் இடத்தில் கொடுக்கலாம். அதன் பிறகு எந்தப் படிவத்தை நிரப்பினாலும் பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு அச்சாகியிருக்கும் இரண்டு வரிகளைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுத வேண்டும். பாஸ்போர்ட்டை விசாவுக்குப் பிறகு மாற்றினால் விசா, காப்பீடு, பிளாக்டு அக்கவுண்ட் (செலவுப் பணத்தை முன்பே போட்டுவைத்து, மாதாமாதம் மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கு), சேர்க்கைக் கடிதம் என எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும்.

இரண்டாவது, கல்விச் சான்றுகள். 2022 நவம்பர் 1 முதல், இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்பவர்களில் பெரும்பாலானோர் ஏபிஎஸ் சான்றிதழ் பெற்றாக வேண்டும். டெல்லியில் இயங்கும் கல்வி மதிப்பீட்டு மையம் நம் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று பார்த்து இதைத் தருகிறது. கட்டணம் ரூ.18,000. கூட்டமில்லாத காலத்தில் சில வாரங்களில் வந்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும் மாதங்களில் இழுக்கும். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே இதைக் கேட்கின்றன. அவற்றின் கடைசித் தேதியோ பெரும்பாலும் மே 31 அல்லது ஜூலை 15. சில படிப்புகளுக்கு அதற்கும் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே ஏபிஎஸ் விண்ணப்பம் போய்விட்டால் நிம்மதி.

இதில் மாணவர்கள் அதிகம் கவனிக்காத காகிதம் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாப் பருவங்களின் பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய ஒருங்கிணைந்த பட்டியல். இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் இதைக் கல்லூரியிலிருந்து அல்ல, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்திலிருந்து பெற வேண்டும். நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டிய இடங்களும் உண்டு. அதில் ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட், மதிப்பெண் அளவுகோல், உச்சப் புள்ளி எவ்வளவு, குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளி எவ்வளவு என்பவை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள்.

கடைசியாகச் சொன்ன அந்த ஒரு எண் ஏன் முக்கியம் என்று கணக்குப் போட்டே காட்டலாம். ஜெர்மனியில் 1.0 தான் மிக உயர்ந்த மதிப்பு, 4.0 கடைத்தேர்ச்சி. நம் மதிப்பெண்ணை அதற்கு மாற்ற 'திருத்திய பவேரிய சூத்திரம்' என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். உச்சப் புள்ளியிலிருந்து நாம் வாங்கியதைக் கழிக்க வேண்டும். அதை, உச்சப் புள்ளிக்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். வருவதை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு எட்டு வாங்கியவருக்குத் தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் 2.2 வரும். தேர்ச்சிப் புள்ளி 4 என்று எடுத்தால் 2.0, 6 என்று எடுத்தால் 2.5. பல படிப்புகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. அதே மாணவர், அதே மதிப்பெண். காகிதத்தில் அந்த எண் இல்லாவிட்டால் மதிப்பிடுபவர் எதை எடுத்துக்கொள்வார் என்பது நம் கையில் இல்லை. சிஜிபிஏவை நாமாகவே சதவீதமாக மாற்றி எழுதுவதும் கூடாது. சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுங்கள்.

பாடத்திட்டப் புத்தகத்தையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'கணிதத்தில் இத்தனை கிரெடிட், எலக்ட்ரானிக்ஸில் இத்தனை கிரெடிட்' என்று கேட்கும் படிப்புகளுக்கு ஒவ்வொரு பாடத்திலும் என்ன நடத்தப்பட்டது என்று காட்ட வேண்டியிருக்கும். மூன்றாண்டு பி.எஸ்சி., பி.காம். பட்டங்களை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே அந்தப் படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடலாம். 'யூனி-அசிஸ்ட்' என்ற பொது அமைப்பின் வழியாக விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகங்களுக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும், அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் செலவாகும். கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பிப்பதை விட, தகுதி சரியாகப் பொருந்தும் ஆறேழு படிப்புகளைத் தேர்ந்தெடுப்பது மேல்.

சான்றிதழ்களை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் என்ற அரசு முத்திரை வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இரு நாடுகளுக்கும் இடையே அந்த முத்திரை செல்லாது. பல ஆயிரம் ரூபாய் அதற்கென்று வாங்கப்படுவது வீண் செலவு. கன்சல்டன்சிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேவைக் கட்டணமே வேண்டாம் என்று சொல்லும் இடங்கள் சில, ஆண்டுக்குப் பல ஆயிரம் யூரோ கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கே மாணவர்களை அனுப்பிவைக்கும். அங்கிருந்து அவர்களுக்குக் கமிஷன் வரும். தனியார் நிறுவனங்கள் எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்று நம்பிச் சேர்ந்துவிட்டுப் பிறகு கட்டண ரசீதைப் பார்த்து அதிரக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அரசுப் பல்கலைக்கழகங்களிலும் விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் இணையதளத்தில் ஒவ்வொரு படிப்பின் கட்டணமும் மொழியும் கடைசித் தேதியும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அதைப் பாருங்கள்.

இனி பணம். விசாவுக்கு ஓராண்டுச் செலவுக்கான தொகையை பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இது 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்தாலே 11,90,400 ரூபாய். இந்தத் தொகை அவ்வப்போது உயர்த்தப்படும். நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் எவ்வளவு என்பதைத் தூதரகத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்பும் தொகையில் இடைப்பட்ட வங்கிகள் பத்து, இருபது யூரோவைக் கழித்துக்கொள்ளும். அங்கே 11,890 யூரோ போய்ச் சேர்ந்தால் உறுதிக் கடிதம் வராது. மறுபடி ஒரு சிறு தொகையை அனுப்ப இன்னொரு வாரமும் இன்னொரு கட்டணமும் ஆகும். பணம் அனுப்பும் படிவத்தில் எல்லாக் கட்டணங்களையும் அனுப்புபவரே ஏற்பதாகக் குறிக்கச் சொல்லுங்கள். கூடவே 50 முதல் 100 யூரோ வரை சேர்த்தே அனுப்புங்கள். கணக்கு நிறுவனம் கொடுத்த குறிப்பெண்ணைத் தகவல் கட்டத்தில் எழுத மறந்தால் பணம் யாருடையது என்று தெரியாமல் நிற்கும்.

கல்விக்கடன் வாங்குபவர்களுக்கு இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. விசா கிடைக்க பிளாக்டு அக்கவுண்டில் பணம் இருக்க வேண்டும். சில வங்கிக் கிளைகளோ, விசா வந்த பிறகுதான் கடனை விடுவிப்போம் என்று சொல்லும். கடன் அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் ஜூலை வரை இருந்துவிட்டு, அதன் பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் வட்டிக்கு வாங்க ஓடுகின்றன. ஆவணங்களில் கையெழுத்துப் போடும் முன்பே கிளை மேலாளரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 'பிளாக்டு அக்கவுண்டுக்கான தொகையை விசாவுக்கு முன்பே அனுப்புவீர்களா?' பதிலை எழுத்தில் வாங்குங்கள். சொந்தப் பணத்தை அனுப்புபவர்கள், 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு வங்கி டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியைப் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தில் வாங்கிய கல்விக்கடன் பணத்துக்கு இது கிடையாது. பிடித்த தொகையை அனுப்பியவரின் வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். ஆனால் அனுப்பும் நாளில் அந்தப் பணமும் கையில் இருக்க வேண்டும்.

விசா விண்ணப்பத்தை இப்போது ஜெர்மன் வெளியுறவுத் துறையின் இணைய வாசல் வழியாகவே பதிவேற்றலாம். கட்டணம் 75 யூரோவுக்கு ஈடான ரூபாய். முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் அதே தூதரகத்தில் மறுபரிசீலனை மனு கொடுக்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழி உலகெங்கும் மூடப்பட்டுவிட்டது. மறுத்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லினில் நீதிமன்றம் போக வேண்டும். ஆகவே முதல் விண்ணப்பமே முழுமையாக இருக்க வேண்டும். ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்ததற்கும் இதற்கும் என்ன தொடர்பு, முடித்த பின் என்ன செய்ய எண்ணம் என்பதை விளக்கும் கடிதத்தை வேறொருவருடையதைப் பார்த்து எழுதாதீர்கள். இடையில் ஓராண்டு வேலையின்றி இருந்திருந்தால் அதை மறைக்காமல் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்தவுடன் பெயர், பிறந்த தேதி, செல்லத் தொடங்கும் நாள் மூன்றையும் சரிபாருங்கள். தொடங்கும் நாளுக்கு முந்தைய விமானத்தில் ஏற முடியாது.

உடல்நலக் காப்பீட்டில் இரண்டு வகை வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவர்கள் அங்குள்ள சட்டபூர்வக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ ஆகும். ஆனால் அது பருவம் தொடங்கி, சேர்க்கை முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும். செப்டம்பர் நடுவில் போய் இறங்குபவருக்கு அதுவரையிலான நாட்களுக்கு, குறைந்தது 30,000 யூரோ பாதுகாப்புள்ள பயணக் காப்பீடு தனியாகத் தேவை. சட்டபூர்வக் காப்பீட்டு நிறுவனம் நீங்கள் சேர்ந்திருப்பதைப் பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் தெரிவித்தால்தான் சேர்க்கை முழுமையாகும். காகிதச் சான்றைக் கையில் கொண்டுபோய் நீட்டினால் போதாது. விலை குறைவு என்று தனியார் காப்பீட்டைத் தேர்ந்தெடுத்து, பல்கலைக்கழகத்தில் அதற்காக விலக்குக் கடிதமும் வாங்கிவிட்டால், அந்தப் படிப்பு முடியும் வரை மாணவராகச் சட்டபூர்வக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. நன்கு யோசித்தே அந்த முடிவை எடுக்க வேண்டும்.

தங்குமிடத்துக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். சில ஊர்களில் சேர்க்கைக்கு முன்பே வரிசையில் பெயர் கொடுக்கலாம். மியூனிக் போன்ற நகரங்களில் பருவக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கெம்னிட்ஸ், மாக்டெபுர்க், இல்மெனாவ் போன்ற கிழக்குப் பகுதி ஊர்களில் இடம் கிடைப்பதும் எளிது, வாடகையும் குறைவு. வாடகையைப் பேசும்போது 'கால்ட்மீட்டே' என்றால் அறைக்கு மட்டும், 'வார்ம்மீட்டே' என்றால் வெப்பமூட்டல், தண்ணீர் முதலியவையும் சேர்த்து. மின்சாரமும் இணையமும் அதில் அடங்குமா என்று தனியே கேட்க வேண்டும். முன்பணம், கால்ட்மீட்டேயில் மூன்று மாதத் தொகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம்.

'நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்று சொல்லும் எந்த விளம்பரமும் மோசடிதான். படங்கள் அழகாக இருக்கும், வாடகை அந்த ஊர் நிலவரத்தை விடக் குறைவாக இருக்கும், பாஸ்போர்ட் நகல் கூட அனுப்பி நம்ப வைப்பார்கள். அந்த ஊரில் ஏற்கெனவே இருக்கும் சீனியர் யாராவது நேரில் அறையைப் பார்த்து, ஒப்பந்தமும் கைக்கு வந்த பிறகே பணம் அனுப்புங்கள். விடுதி கிடைக்காமல் தற்காலிக அறை எடுப்பவர்கள், வாடகையைப் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: நகர அலுவலகத்தில் முகவரி பதிய, வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட சான்று தருவாரா? தராத இடங்கள் நிறைய. அங்கே தங்கினால் தலைக்கு மேல் கூரை இருக்கும், காகிதத்தில் முகவரி இருக்காது.

முகவரி இல்லையென்றால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். பதிவுச் சான்று கேட்கும் வங்கிகளில் அது இல்லாமல் நடப்புக் கணக்கு திறக்க முடியாது. நடப்புக் கணக்கு இல்லாமல் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து ஒரு யூரோவும் வெளியே வராது. வேலை செய்யத் தேவையான வரி எண்ணும் அந்த முகவரிக்குத்தான் தபாலில் வரும். பெரிய நகரங்களில் அன்மெல்டுங் சந்திப்பு நேரம் கிடைக்கவே இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். ஊரில் இருக்கும்போதே நகரத்தின் இணையதளத்தில் நேரம் பதிவு செய்துவிடுங்கள்.

கடைசியில் கணக்கு திறந்த பிறகும் 11,904 யூரோ மொத்தமாக வராது. மாதம் 992 தான் வரும். அதே வாரங்களில்தான் முன்பணம், முதல் மாத வாடகை, தற்காலிகத் தங்கல், காப்பீட்டுத் தவணை, பருவக் கட்டணம், குடியிருப்பு அனுமதிக்கான சுமார் 100 யூரோ எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கால்ட்மீட்டே 350 யூரோ உள்ள ஓர் அறைக்கே முன்பணம் 1,050 யூரோ வரை போகலாம். ஆகவே பிளாக்டு அக்கவுண்டைச் சேர்க்காமல் குறைந்தது 2,000 யூரோ தனியாகக் கையில் இருக்க வேண்டும். அதில் 400, 500 யூரோ ரொக்கமாக, அதுவும் 50 யூரோவுக்கு மேற்படாத நோட்டுகளாக. மீதி, வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில். பல குடும்பங்கள் பன்னிரண்டு லட்சம் திரட்டிய களைப்பில் இந்த இரண்டு லட்சத்தை யோசிப்பதே இல்லை. முதல் ஆறு வாரம் திண்டாடுவதற்கு இதுதான் காரணம்.

தபால் பெட்டியையும் மறக்க வேண்டாம். ஜெர்மனியில் வங்கி அட்டை, அதன் ரகசிய எண், வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாம் சாதாரணத் தபாலில் வரும். பெட்டியின் மேல் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். அறைக்குள் நுழைந்த அன்றே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதி ஒட்டுங்கள். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதமும் வரும். அது மோசடி அல்ல. ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தாலும் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அந்த எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிவிடலாம்.

விமானத்தைச் செவ்வாய், புதனில் போய் இறங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், வெள்ளி மதியத்துக்கு மேல் அலுவலகங்கள் நடக்காது, அக்டோபர் 3 தேசிய விடுமுறை. வேறொரு ஐரோப்பிய நகரத்தில் விமானம் மாறினால், அது ஷெங்கன் நாடாக (தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளில் ஒன்றாக) இருக்கும்பட்சத்தில் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும். சேர்க்கைக் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட் உறுதி, காப்பீடு, அசல் சான்றிதழ்கள் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல. பவர் பேங்கும் கைப்பையில்தான்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக. இறைச்சி, பால் பொருட்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதி இல்லை. நெய், பால்கோவா, மட்டன் ஊறுகாய் வேண்டாம். பறித்த கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று தேவை. காயவைத்துப் பொடியாக்கிக் கொண்டு போகலாம். கருவாடு மீன் வகையில் சேர்வதால் 20 கிலோ வரை தடை இல்லை, ஆனால் நன்றாகக் காற்றுப் புகாமல் கட்ட வேண்டும். அரிசியும் பருப்பும் அங்கே கிடைக்கும், எடையை அதில் வீணாக்காதீர்கள். பிரஷர் குக்கர் கொண்டுபோனால் அடிப்பகுதி இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஏற்றதாக, மூன்று லிட்டர் அளவில், கூடுதலாக இரண்டு கேஸ்கெட்டோடு வாங்குங்கள். அந்த அளவு கேஸ்கெட் அங்கே தேடினாலும் கிடைப்பது அரிது. மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட். இரண்டு முள் சார்ஜர்களில் மெல்லிய முள் உள்ளவை நேராகப் பொருந்தும், மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். தொடர்ந்து சாப்பிடும் மருந்துகளை மூன்று மாதத்துக்கு மிகாமல், மருந்தின் வேதிப்பெயர் எழுதிய ஆங்கிலச் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். பல் வேலையும் கண்ணாடியும் இங்கேயே முடித்துவிடுவது சிக்கனம். கனத்த குளிர்ச்சட்டையை அங்கேயே வாங்குவது நல்லது. நம் ஊரில் விற்பவை அந்தக் காற்றுக்கும் மழைக்கும் தைத்தவை அல்ல.

இந்திய சிம் கார்டை அணைத்துவிடாதீர்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். ரோமிங் வசதியைக் கிளம்பும் முன்பே செயல்படுத்தி, ஒரு வருடத்துக்கு எண் உயிரோடு இருக்கும்படி ரீசார்ஜ் செய்துவிடுங்கள்.

பகுதிநேர வேலையை நம்பிச் செலவுத் திட்டம் போட வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. எண்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் வரி எண் வந்து, வங்கிக் கணக்கு திறந்து, ஜெர்மன் ஓரளவு பேச வந்த பிறகே வேலை கிடைக்கும். முதல் பருவத்தில் வருமானம் பூஜ்யம் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். படிப்பு ஆங்கிலத்தில் என்றாலும் கிளம்பும் முன் ஏ2 என்ற அடிப்படை நிலை வரையாவது ஜெர்மன் படித்திருப்பது பெரிய பலம். சென்னையில் கோத்தே நிறுவனத்தின் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, பிற ஊர்களில் இணைய வகுப்பு இருக்கிறது. நகர அலுவலக ஊழியரிடம் நாலு வார்த்தை பேசத் தெரிந்த பிள்ளைக்கு அந்த முதல் மாதம் பாதிக்குப் பாதி இலகுவாகிவிடும்.

விசா ஒரு குறிப்பிட்ட காலத்துக்கே, பெரும்பாலும் சில மாதங்களுக்கே கொடுக்கப்படும். அது முடிவதற்குள் வெளிநாட்டினர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். அங்கேயும் சந்திப்பு நேரம் கிடைக்கத் தாமதமாகும். இறங்கிய மாதத்திலேயே விண்ணப்பித்து, அதற்கான மின்னஞ்சல் ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். விசா காலாவதிக்கு முன்பே விண்ணப்பித்திருந்தால் இடைக்காலச் சான்று கேட்டுப் பெறலாம். அது கையில் இல்லாமல் விடுமுறைக்கு ஊர் வந்தால் திரும்பிப் போவது சிரமமாகிவிடும்.

இறுதியாக, தங்கள் நாளிதழ் வழியாகத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். டிரான்ஸ்கிரிப்ட்டை இணையத்தில் விண்ணப்பித்து, குறிப்பிட்ட நாட்களுக்குள் பெறும் வசதி எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் வர வேண்டும். அதில் உச்சப் புள்ளி, குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளி, பயிற்றுமொழி ஆகிய மூன்றும் அச்சிடப்பட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரிச் சேர்க்கைப் படிவங்களில் இனிஷியலை விரித்து எழுதும் இடத்தையும், குடும்பப் பெயராக எதை எடுத்துக்கொள்வது என்ற கேள்வியையும் சேர்த்தால், பல ஆயிரம் மாணவர்கள் பின்னாளில் நோட்டரி வாசலில் நிற்க வேண்டியிருக்காது. இதற்கு அரசுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. வரும் கல்வியாண்டின் படிவங்கள் அச்சாகும் முன்பே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி